கோட்டைக்குப்பத்துக்கு விழுந்த புயல் பாடு

சௌமிய வருஷம், புரட்டாசிக் கடைசி
கோட்டைக்குப்பம், பழவேற்காடு

சதுரங்கப்பட்டினத் துறையில் துணிமூட்டை சுமந்து, கப்பலுக்கும் கரைக்கும் நடுவே தன் முதுகையே பாலமாக விரித்திருக்கும் என் அக்காள் மகன் சிரஞ்சீவி சிங்காரத்துக்கு, வாயாலேயே கப்பலைக் கவிழ்த்து வாயாலேயே அதை நிமிர்த்தவும் வல்லவன் என்று ஏரியின் இரு கரையும் ஒப்புக்கொண்ட உன் தாய்மாமன் தருமலிங்கம் ஆசீர்வதித்து எழுதிக்கொண்டது. இவ்விடம் நானும், உன் அம்மா லோகாம்பாளும், உன் மாமி தெய்வநாயகியும், நம் கருவாட்டைத் தின்றே எங்கள் எல்லாரையும்விடக் கொழுத்துப்போன பூனையும் சுகம். உன் சுகத்தை அறிய ஆவல். இந்தக் கடிதம் கிடைத்தால் எழுது, கிடைக்காவிட்டாலும் எழுது. இதை உனக்குப் படித்துக் காட்டுகிற பெரியவருக்கு என் கும்பிடு. என் அக்காளைப் பற்றி வருகிற இடங்களில் அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டால் போதும். அவளுக்குச் சதுரங்கப்பட்டினத்தில் பேசினாலும் காதில் விழும். ஓலையில் எழுதினால் ஒரு பனையையே மொட்டையடிக்க வேண்டியிருக்கும் என்பதால் காகிதத்தில் எழுதுகிறேன். காகிதம் ஏது என்று கேட்காதே. துரையின் மேசைமேல் அநாதையாய்க் கிடந்தது, ஆதரித்தேன்.

நல்ல சேதியை முதலில் சொல்லிவிடுகிறேன். நம் குப்பம் பிழைத்தது, சீட்டில் உனக்கு விழுந்த ஏரிப் பாடும் பிழைத்தது. தை பிறந்ததும் ஏரியில் வலை போட உனக்கு முதல் முறை. ஏரியில் முறை இருக்கிறவனுக்குத்தான் பெண் என்று நாட்டார் சபை போட்ட கட்டும் அதோடு நிறைவேறிவிடும் என்பதால், என் மகள் ரங்கம்மாளுக்கும் உனக்கும் தையிலேயே கல்யாணம். இரண்டையும் காப்பாற்றியது யார் என்று நீ கேட்க வேண்டாம். கேட்காமலே சொல்வதற்குத்தான் இவ்வளவு காகிதம்.

ஆவணி பிறந்து கொஞ்ச நாளில் கோட்டையிலிருந்து தமுக்கு வந்தது. ஐப்பசி கார்த்திகைப் புயலுக்கும் வெள்ளத்துக்கும் எந்தக் குப்பம் எவ்வளவு ஆபத்தில் இருக்கிறது என்று ஒல்லாந்து துரை ஒருவர் அளக்கப் போகிறார், அதிகம் ஆபத்தான குப்பத்துக்குக் கோட்டையிலிருந்து அரிசியும் கூரைக்குப் பனைவாரையும் உண்டு என்று தமுக்கடிக்கிறவன் சொல்லிவிட்டுப் போனான். ஆபத்தை அளக்கப் போகிறார்களாம், கேட்டாயா! நெல்லை அளப்பான், துணியை அளப்பான், அது நியாயம். இன்னும் வராத காற்றை அளக்கிறவனை நான் எட்டு ராஜ்ஜியத்திலும் கண்டதில்லை (நான் பார்த்தது ஒரே ராஜ்ஜியந்தான், அதை விடு). வந்தவர் பேர் கொர்னேலி துரை. இறங்கின அன்று வெள்ளையாய் இருந்தார், நம் வெயிலில் அரைவாரம் நின்றதும் வெந்த இறால். இவருடைய சொந்த ஊர் எப்படிப்பட்டது என்று துபாசி மூர்த்தி சொன்னதைக் கேட்டால் உன் மூட்டை தோளிலிருந்து விழுந்துவிடும். அந்த ஊரே கடல் மட்டத்துக்குக் கீழே இருக்கிறதாம். சுவர் கட்டித் தண்ணீரை வெளியே நிறுத்திவைத்துவிட்டு, உள்ளே படுத்துத் தூங்குகிறார்களாம்! கடலுக்குக் கீழே குடித்தனம் செய்கிறவர், கடலுக்கு மேலே குடித்தனம் செய்கிற நம்மைப் பார்த்து, "ஐயோ பாவம், எவ்வளவு ஆபத்தான இடத்தில் இருக்கிறீர்கள்" என்று உச்சுக்கொட்டினார். நான் சிரிக்கவில்லை. சிரித்தால் அரிசி போய்விடுமே.

முதல் வேலையாகக் கரையில் ஒரு கழியை நட்டு, அதன் தலையில் நல்ல வெள்ளைத் துணி ஒன்றைக் கட்டி, காற்றின் பலம் பார்க்கிறேன் என்றார். மறுநாள் துணியைக் காணோம். 'இவ்விடம் காற்று மிகவும் பலம்' என்று எழுதிக்கொண்டார். அந்தக் காற்றின் பேர் வேலு. இப்போதும் அதைத் தலையில் முண்டாசு கட்டிக்கொண்டுதான் வலை இழுக்கிறான், துரைக்கு எதிரிலேயே. துரையும் அந்த முண்டாசைப் பார்த்து, "உங்கள் ஊர் நெசவு நன்றாயிருக்கிறதே" என்று மெச்சினார்.

அடுத்தாற்போல ஏரியைச் சுற்றியுள்ள அத்தனை குப்பத்துத் தலைவர்களான நாட்டார்களையும் கோட்டை வாசலுக்கு வரவழைத்து, "உங்களில் அதிக ஆபத்து எந்தக் குப்பத்துக்கு?" என்று துபாசி வாயால் கேட்டார். அரிசி என்று தமுக்கு போட்டபிறகு இதைக் கேட்கலாமா? எல்லாக் குப்பமும் ஒரே குரலில் நாங்கதான், நாங்கதான் என்று கத்தியதில், ஏரியில் மேய்ந்துகொண்டிருந்த செந்நிறப் பூநாரைக் கூட்டம் கிளம்பி நெல்லூர்ப் பக்கம் போக, அங்கே மத்தியானமே அந்தி சிவந்துவிட்டதென்று விளக்கு வைத்துவிட்டார்கள். சுண்ணாம்புக்குளத்து நாட்டார் சின்னதம்பி தன் மேல்துண்டை உதறி, போன புயலில் தன் வீட்டு ஆடு ஆந்திரத்துக்கே பறந்துபோய்த் தெலுங்கில் கத்துகிறது என்று சத்தியம் செய்தார். அடிதடி ஆகிற நேரத்தில் நம் வரதன் நாட்டார்தான் எழுந்து, "ஏன்யா அடிச்சிக்கிறீங்க? ஏரியில இன்னா வந்தாலும் நமக்குள்ள பாடு போட்டுத்தானே பிரிச்சிக்கிறோம்? இறாலுக்குப் பாடு, மடவைக்குப் பாடு. எந்த எடத்துல எந்த நாளு யாரு வலை போடறதுன்னு சீட்டு எடுத்தாத்தான் தகராறு இல்ல. புயலு மட்டும் இன்னா, யாருக்காவது எழுதிக் குடுத்த மானியமா? போடுங்க சீட்டை!" என்றார்.

அதற்குமேல் யார் பேசுவார்கள்? குப்பத்துக்கு ஒரு கிளிஞ்சலாக அடையாளம் கீறி மண்பானையில் போட்டு, அம்மன் கோயில் பூசாரி கண்ணைக் கட்டிக்கொண்டு ஒன்றை எடுத்தார். விழுந்தது நம் கோட்டைக்குப்பத்துக் கிளிஞ்சல்! பெண்கள் விட்ட குலவையில் கோட்டைக் காவல்காரன் பீரங்கிப்பக்கம் ஓடினான். சின்னதம்பி நாட்டாருக்கு வயிறு பற்றிக்கொண்டது. "போன வருசம் நல்ல இறால் பாடும் ஒங்களுக்கு, இந்த வருசம் புயலும் ஒங்களுக்கா? பூசாரி கண்ணுல கட்டினது துணியா, வலையா?" என்று கேட்டுவிட்டு எழுந்து போனார். துரை இதையெல்லாம் வாய் பிளந்து பார்த்து, என்ன நடக்கிறது என்று கேட்க, துபாசி மூர்த்தி ஒரே ஒரு வார்த்தை சொன்னார். நான் பிறகு விசாரித்தேன். 'ஆலோசனை' என்று சொன்னாராம். துரை ஒரு பக்கம் எழுதினார்.

பாடு நமக்கு விழுந்தபிறகு அதை நிலைநிறுத்திக் காட்ட ஒரு வாய் வேண்டாமா? ஊர் கூடி என்னைத் தேடி வந்தது. வந்தார்கள் என்பதைவிட, நான் ஏற்கெனவே துரை பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தேன் என்பதே சரி. அன்று நான் சொன்னதை நீ கேட்டிருக்க வேண்டும்! நம் கரையில் அலை மூன்று பனை உயரம் எழும் என்றேன். போனமுறை வெள்ளத்தில் சுறா ஒன்று நாட்டார் வீட்டு அடுக்களைக்குள் வந்து, உறியில் இருந்த மோரைக் குடித்துவிட்டுத் திரும்பியது என்றேன். காற்று அடித்த அடியில் ஒரு கிழவரின் மூக்கு வலப்பக்கத்திலிருந்து இடப்பக்கம் மாறிவிட்டது என்றேன். சாட்சிக்கு ஒரு கிழவரையும் காட்டினேன். அவர் மூக்கு பிறவியிலேயே அப்படி. தண்ணீர் எதுவரை ஏறும் என்று துரை கேட்டார். அதற்கும் முன்னேற்பாடு செய்திருந்தோம். முண்டாசு வேலு ராத்திரியோடு ராத்திரியாய்ச் சுண்ணாம்பும் கருப்பட்டியும் குழைத்துக்கொண்டு மரம் ஏறி, கரைப் பனை ஒன்றின் கழுத்துவரைக்கும், தண்ணீர் நிற்கிற இடத்தில் மட்டுமே ஒட்டி வளர்கிற ஆளிச் சிப்பி ஓடுகளை ஒட்டிவைத்திருந்தான். "அதோ பாருங்க துரை, ஆளி ஒட்டியிருக்கிற வரைக்கும் தண்ணி" என்றேன். துரை அண்ணாந்து பார்த்துத் தொப்பியைக் கழற்றி மார்பில் வைத்துக்கொண்டார். எனக்கே கொஞ்சம் பயமாகிவிட்டது, அன்று வீட்டுக்குப் போய் வாசலில் படுக்காமல் உள்ளே படுத்தேன்.

புரட்டாசி பிறந்ததும் மறுபடி தமுக்கு. அரிசி மூட்டையை இறக்க ஆள் வருகிறதென்று உன் மாமி கூடத்தைக் கூட்டி இடம் ஒழித்து வைத்திருந்தாள். தமுக்கு சொன்ன சேதி வேறு. 'கோட்டைக்குப்பம் மனிதர் வாழத் தகுதியற்ற இடம் என்று அளந்து தெரிந்தபடியால், ஐப்பசி பிறக்குமுன் அத்தனை பேரும் காலி செய்து, திருப்பாலைவனத்துக்கு மேற்கே ஒதுக்கியிருக்கும் தரிசில் குடியேற வேண்டும். அரிசி அங்கே வரும்.' அரிசி அங்கே வருமாம்! கரையில் அடுப்பு எரியாத வீட்டுக்கு ஏரியில் முறை கிடையாது என்பது நம் கட்டு. காலி செய்த அன்றே உன் பேர் பாடு வரிசையிலிருந்து விழுந்துவிடும், கல்யாணமும் கூடவே விழும். ஊரே என்னைத் திரும்பிப் பார்த்தது. நான் சுறாவைப் பற்றி மட்டுந்தான் கொஞ்சம் கூட்டிச் சொன்னேன், மூக்குச் சமாச்சாரம் துரையே கேட்டுத்தான் சொன்னேன் என்று எவ்வளவோ விளக்கினேன். நன்றிகெட்ட ஜனங்கள். உன் அம்மா என் எதிரில் வந்து நின்று, "டேய் தருமலிங்கம், ஒன் வாயை அளக்கச் சொல்லுடா அந்தத் துரையை. இந்த ஊர்ல இருக்கிற ஆபத்து அது ஒண்ணுதான்" என்றாள். இதைத்தான் குரலைத் தாழ்த்திப் படிக்கச் சொன்னேன்.

தரிசைப் பார்க்க நாலு பேர் போனோம். எருக்கும் கள்ளியும் நம்மைக் கண்டு, "நீங்களுமா?" என்று கேட்கிற பூமி. தண்ணீர் என்பது அந்த ஊர்க்காரர்கள் சொல்லித்தான் இருக்கிறதென்று நம்ப வேண்டும். நெல் போடுகிற குடித்தனக்காரர்கள் வரப்பில் வரிசையாக நின்று, கருவாடு காயவைத்தால் எங்கள் மாடு பால் கறக்காது என்று நாங்கள் வாய் திறக்குமுன்பே சொல்லிவிட்டார்கள். திரும்பினோம். பாடு வரிசையில் ஒருவன் முறையை இன்னொருவனுக்கு மாற்றிக்கொடுக்க வழக்கம் உண்டல்லவா, அந்த வழக்கப்படி நம் புயலைச் சுண்ணாம்புக்குளத்துக்கு மாற்றிவிடலாம் என்று, ஒரு கூடை கொழுத்த நண்டோடு நானும் வரதன் நாட்டாரும் படகேறினோம். சின்னதம்பி நாட்டார் எங்களைத் தூரத்தில் பார்த்தபோதே சிரிக்க ஆரம்பித்து, நாங்கள் கரை சேரும்வரை நிறுத்தவில்லை. "இன்னா தருமலிங்கம், அன்னிக்குக் கொலவை விட்டீங்க, இன்னிக்கு நண்டு கொண்டாறீங்க? சீட்டுல விழுந்தா விழுந்ததுதான். புயலை நீயே வெச்சிக்கோ. நண்டை மட்டும் எறக்கு" என்றார். நண்டை இறக்கிவிட்டு வந்தோம். அந்த நண்டு அவரை அன்றே கடித்ததாகக் கேள்வி. நானேதான் கிளப்பிவிட்டேன், இருந்தாலும் கேட்கச் சுகமாயிருந்தது.

இதற்கு நடுவில் துரை வீடு வீடாகப் போய், போன புயலில் யார் யார் செத்தார்கள் என்று கேட்டு எழுதினார். நம் வீட்டுக்கும் வந்தார். உன் அம்மா மீன் கழுவிக்கொண்டிருந்தாள். "புயல்ல ஒருத்தரும் சாவல" என்றாள். துபாசி, "ஒன் வீட்டுக்காரர் போனது அந்த வருசந்தானே?" என்றார். "அவரு போனது புயலுக்கு அப்பறம். காத்து அடிக்கிறப்ப எல்லாருந்தான் மேட்டுக்குப் போயிட்டோம், காத்து நின்னப்பறம் வந்துட்டோம், அது எப்பவும் உள்ளதுதான். வலை போயிடுச்சேன்னு மறுநாளே தேடிக்கினு போனாரு. வலை இல்லன்னா மொறை வந்து இன்னா புண்ணியம்? தண்ணி அமைதியாத்தான் இருந்துது" என்று சொல்லிவிட்டு மீனைக் கழுவினாள். துபாசி ஒன்றும் மொழிபெயர்க்கவில்லை. துரையும் ஒன்றும் எழுதவில்லை. உன் நைனாவை நினைத்து நானும் அன்று சாயங்காலம்வரை வாயைத் திறக்கவில்லை என்று உன் மாமி எல்லாரிடமும் சொல்லித் திரிகிறாள். நம்பாதே, தொண்டை கட்டியிருந்தது.

ஆனால் சிங்காரம், உன் மாமன் சும்மா இருக்கப் பிறந்தவனா? அமாவாசை கழிந்த மறுநாள், வெளுத்த வேட்டி கட்டி, விபூதி பூசி, நாட்டார் பின்னால் வர, துரை எதிரில் போய் நின்றேன். "துரை, எங்க குப்பத்துக்கு ஆபத்து முடிஞ்சிடுச்சு" என்றேன். எப்படி முடிந்தது என்றார். "முறை முடிஞ்சிடுச்சு. அமாவாசையோட எங்க பாடு தீந்துது, ஆபத்து அடுத்த குப்பத்துக்குப் போயிடுச்சு" என்றேன். துபாசி மூர்த்தி இதைச் சொல்லமாட்டேன் என்று கையெடுத்துக் கும்பிட்டார். நானும் விடவில்லை. கடைசியில் அவர் கண்ணை மூடிக்கொண்டு சொன்னார். துரை கேட்டுவிட்டு அந்தப் பனையைக் கைகாட்டினார். ஆளி ஓடு கழுத்தளவுக்கு ஏறியிருக்கிறதே, அதற்கு என்ன சொல்கிறாய் என்று அர்த்தம். என்னை மடக்கிவிட்டதாக நினைத்தார், பாவம். "துரை, ஓடு ஒட்டினப்ப அது கன்னு. அப்பறம் மரம் ஓட்டோட சேந்து வளந்திடுச்சு. எங்க மண்ணு அப்படி. காலையில கொட்டையைத் துப்பினா சாயங்காலம் நிழலுக்கு ஒதுங்கலாம்" என்றேன். கடல் பக்கத்து வீட்டுக்குக்கூடச் சத்தம் கேட்காமல் தூங்குகிற ஊர் இது, அலை எங்கள் மணலில் ஏறுமுன் நாட்டாரிடம் உத்தரவு கேட்கும், காற்றடித்தால் எங்கள் ஊர்ப் பெண்கள் அகல் விளக்கைப் பொத்துவதில்லை, நீங்கள் கழியில் கட்டின துணிகூடக் காற்றில் போகவில்லை என்றும் சொன்னேன். சொல்லும்போது வேலு சட்டென்று தலைக் கட்டை அவிழ்த்து இடுப்பில் சொருகிக்கொண்டான். புத்திசாலி.

சொல்லை நம்பாமல் அளந்துதான் பார்ப்பேன் என்றார் துரை. அளக்கட்டுமே! உன் அம்மா தலைமையில் நம் பெண்கள் விடிவதற்கு முன்னும் பொழுது அடைந்த பின்னும் கூடை கூடையாய்க் கிளிஞ்சலும் மணலும் சுமந்து, நாட்டார் வீட்டு முன்னால் கொட்டி, மிதித்து, அதன்மேல் சாணம் தெளித்துக் கோலமும் போட்டுவிட்டிருந்தார்கள். ஆதியிலிருந்தே இருக்கிற மேடு மாதிரி இரண்டு ஆடு வேறு அதன்மேல் படுத்து அசைபோட்டது. துரை கோலை நட்டார், கயிற்றை இழுத்தார், செம்பில் தண்ணீர் வைத்து மட்டம் பார்த்தார், மறுபடி பார்த்தார். கோட்டை மதில் நிற்கிற தரையைவிட நம் குப்பம் உயரம்! அவர் முகத்தைப் பார்க்க நீ கொடுத்துவைக்கவில்லை. கடலுக்குக் கீழே பிறந்தவருக்கு மேடு என்றால் என்னவென்று முதல்முதலாய்த் தெரிந்தது போலிருந்தது.

நேற்று உத்தரவு வந்துவிட்டது. 'இந்தக் கரையிலேயே புயலுக்கும் வெள்ளத்துக்கும் அசையாத பத்திரமான இடம் கோட்டைக்குப்பமே என்று இரண்டாம் முறை அளந்து தெரிந்தபடியால், ஆபத்தென்று காலி செய்யச் சொன்னது ரத்து.' துபாசி படித்து முடிக்குமுன் என்னைத் தோளில் தூக்கிக்கொண்டார்கள். ஏரிவரைக்கும் தூக்கிப் போய் உள்ளே போட்டார்கள். நம் ஜனங்களுக்கு மரியாதை செய்யத் தெரியாது, சந்தோஷப்படத்தான் தெரியும். உன் அம்மாவே என்னைப் பார்த்து, "பொய் சொன்னாலும் ரெண்டு பக்கமும் பொருந்தச் சொல்றான்" என்றாள். நான் பிறந்ததிலிருந்து அவள் என்னைப் புகழ்ந்தது இதுதான் முதல் தடவை.

ஆகையால் நீ ஒரு கவலையும் படாமல், மூட்டையை அங்கேயே போட்டுவிட்டு, ஐப்பசிக் காற்றுக்கு முன்னால் கரைவழியாகவே புறப்பட்டு வந்து சேர். வலை கட்ட நூல் முறுக்கிவைத்திருக்கிறோம். ரங்கம்மாள் ஒன்றும் கேட்கவில்லை என்று எழுதச் சொன்னாள், ஆகவே எழுதுகிறேன். உன் மேஸ்திரிக்கும், கூட மூட்டை தூக்குகிறவர்களுக்கும், இதைத் தொண்டை வறளப் படித்த பெரியவருக்கும் என் அன்பைச் சொல். அம்மன் உன் முதுகையும் என் நாக்கையும் என்றைக்கும் வாடாமல் வைக்கட்டும்.

இப்படிக்கு,
கோட்டைக்குப்பத்தைக் காத்த உன் தாய்மாமன்
தருமலிங்கம்

பின்குறிப்பு: காகிதத்தை மடிக்கிற நேரத்தில் மறுபடி தமுக்கு. கோட்டைக்குள் வருஷா வருஷம் மழைத்தண்ணீர் புகுந்து வெடிமருந்தெல்லாம் களியாகிவிடுகிறதாம். இந்தக் கரையிலேயே பத்திரமான, உயரமான இடம் நம்முடையதுதான் என்று துரையே அளந்து சொல்லிவிட்டபடியால், நாட்டார் வீட்டு மேட்டில் வெடிமருந்துக் கிடங்கு கட்டப் போகிறார்களாம். மருந்துக்குப் பக்கத்தில் அடுப்பு எரியக்கூடாதென்று குப்பம் முழுவதும் ஐப்பசிக்குள் திருப்பாலைவனத் தரிசுக்குப் போகவேண்டுமாம். நீ இப்போது கிளம்ப வேண்டாம். மூட்டையை மறுபடி தூக்கிக்கொள். உன் அம்மா கையில் துடுப்போடு என்னைத் தேடுகிறாள். நான் பின்பக்கமாகப் போய்த் துரையைப் பார்த்து, நம் குப்பத்தில் எவ்வளவு இடி விழும் என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வந்துவிடுகிறேன்.